தொட்டியில் இறக்கும் முன்: மின்முனையைத் தேர்ந்தெடுத்தல்

தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர்கள் கையோடு ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவருவார்கள். அதன் அடியில் இரும்பிலும் அலுமினியத்திலும் ஆன கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தம்ளரில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்களுடைய ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகளை இறக்கி சுவிட்சைப் போட்டதும் குழாய்த் தண்ணீர் பழுப்பேறிச் சேறாகத் திரளும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். "இதைத்தான் சார் குழந்தைக்குக் கொடுக்கறீங்க" என்பார் வந்தவர். பெரும்பாலும் வியாபாரம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அந்தச் சேறு முழுக்கக் கம்பியிலிருந்து வந்தது. இரும்புக் கம்பி மின்சாரத்தால் கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது. குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்பு கரைகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் பாயவில்லை, எதுவும் கரையவில்லை. அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது வந்தால் அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். (கம்பியைத் தொட்டுவிடாதீர்கள், இந்தப் பெட்டிகள் பலவற்றில் வீட்டு மின்சாரமே நேரடியாகக் கம்பிக்கு வருகிறது.)

இந்த ஏமாற்று பலிப்பதற்குக் காரணம், மின்முனை என்பது மின்சாரத்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் வெறும் கம்பி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான். உண்மையில் எல்லா வேதிவினையும் மின்முனையின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. பல நேரங்களில் மின்முனையே வினைபடுபொருள். அதனால் எந்தத் தொட்டியை அமைக்கும்போதும் முதலில் தீர்மானிக்க வேண்டியது எத்தனை வோல்ட் என்பதல்ல; எந்தப் பொருளை, எந்தப் பக்கத்தில் இறக்குவது என்பது.

பெயர் எதை வைத்து?

கம்பிக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். கரைசலுக்குள் சுமப்பவை அயனிகள். எலக்ட்ரான் தண்ணீரில் நீந்திப் போவதில்லை, அயனி கம்பிக்குள் நுழைவதில்லை. இரண்டும் சந்திக்கும் இடம் மின்முனையின் மேற்பரப்பு. அங்கே ஏதோ ஒன்று எலக்ட்ரானைக் கொடுத்தாக வேண்டும், அல்லது வாங்கியாக வேண்டும். கொடுப்பது ஆக்ஸிஜனேற்றம், வாங்குவது ஒடுக்கம். ஆக்ஸிஜனேற்றம் நடக்கும் முனை ஆனோடு, ஒடுக்கம் நடக்கும் முனை கேத்தோடு. 1834-இல் மைக்கேல் ஃபாரடே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலின் உதவியோடு புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர்கள் இவை.

பாடநூல்கள் ஆனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் சொல்கின்றன. மின்னாற்பகுப்பில் இது சரியாகவே பொருந்தும்: அடாப்டரின் பிளஸ் முனையோடு சேர்ந்தது ஆனோடு. பேட்டரிக்கு வந்தால் குழப்பம் தொடங்கும். அங்கே வினை தானாக நடந்து மின்சாரத்தைத் தருகிறது. எலக்ட்ரானை வெளியே தள்ளும் ஆனோடுதான் மைனஸ் முனை. மாணவர்கள் தேர்வில் தடுக்கி விழும் இடம் இது. இந்த அத்தியாயத்தில் ஆனோடு, கேத்தோடு என்றே எழுதுகிறேன். குறியை மறந்துவிட்டு வினையை மட்டும் பாருங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மின்சாரம் தரும்போது அதன் காரீயத் தகடு ஆனோடு, காரீய டை ஆக்சைடுத் தகடு கேத்தோடு. சார்ஜ் ஏற்றும்போது வினை தலைகீழாகிறது, பெயர்களும் இடம் மாறுகின்றன. ஆனால் பிளஸ் பிளஸாகவே இருக்கும், மைனஸ் மைனஸாகவே இருக்கும். பேட்டரி மேல் + என்றும் − என்றும் மட்டும் அச்சிடுவது அதனால்தான்.

மயில்துத்தத்தில் இரண்டு சோதனைகள்

பள்ளி ஆய்வகத்தில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். காய்ச்சி வடித்த நீரில் மயில்துத்தத்தைக் கரைத்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு செம்புத் தகடுகள், மற்றொன்றில் இரண்டு கார்பன் குச்சிகள். இரண்டுக்கும் ஒரே அளவு மின்னோட்டம்.

செம்புத் தகடுகள் உள்ள குவளையில் நெடுநேரம் ஆனாலும் நீலம் குறையாது. ஆனோடில் செம்பு அயனியாகக் கரைகிறது; அதே அளவு செம்பு கேத்தோடில் படிகிறது. குமிழி எதுவும் வராது. கார்பன் குச்சிகள் உள்ள குவளையிலோ கேத்தோடில் செம்பு படியும், ஆனோடில் குமிழி கிளம்பும். கரைவதற்கு அங்கே செம்பு இல்லை; கார்பனும் எளிதில் கரையாது. எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு தண்ணீர் மேல் விழுகிறது. தண்ணீர் பிளந்து ஆக்ஸிஜன் வெளியேறுகிறது, கரைசலில் அமிலம் சேர்கிறது, நீலம் மெல்ல வெளுக்கிறது. நேரம் போகப் போக ஆனோடுக் குச்சியிலிருந்து கரித்தூள் உதிர்ந்து அடியில் தங்குவதையும் பார்க்கலாம். கார்பனை மந்த முனை என்று சொல்வது ஒரு வசதிக்காகத்தான். ஆக்ஸிஜன் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

கரைசல் ஒன்றே, கேத்தோடில் நடப்பதும் ஒன்றே. ஆனோடின் பொருள் மாறியதும் தொட்டியே வேறாகிவிட்டது.

எவ்வளவு செம்பு படியும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலும். செம்பு அயனி ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான் தேவை. ஆகவே 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 1.185 கிராம் செம்பு. பள்ளியில் அவ்வளவு மின்னோட்டம் வேண்டாம். சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் படிவு ஒட்டிப் பிடிக்கும். கரைசலுக்குள் இருக்கும் தகட்டின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால் 0.3 ஆம்பியர் பொருத்தம். அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 0.18 கிராம் ஏறும். 0.01 கிராம் காட்டும் மின்னணுத் தராசில் இது தெரியும். எடை போடும் முன் தகட்டைக் கழுவி, தேய்க்காமல், நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் கருஞ்சிவப்பாகப் பொடிபோல் படிந்து, கழுவும்போதே உதிர்ந்துபோகும். கணக்கு தப்பியதாக மாணவர்கள் நினைப்பார்கள். தப்பியது கணக்கல்ல, படிவு.

செம்பைச் சுத்திகரிக்கும் ஆலைகள் நடத்துவது இந்த முதல் குவளையைத்தான், பெரிய அளவில். ஆனோடில் கரையும் வினையும் கேத்தோடில் படியும் வினையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதால் கொள்கையளவில் வோல்ட்டே தேவையில்லை. கரைசலின் தடையைத் தாண்டவே தொட்டி ஒன்றுக்கு 0.2 முதல் 0.4 வோல்ட் போதுமானதாக இருக்கிறது. அந்தச் சிறிய வோல்ட்டில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இரும்பு, நிக்கல் போன்றவை செம்போடு சேர்ந்து கரைந்தாலும் கேத்தோடில் படியாமல் கரைசலிலேயே தங்கிவிடும். வெள்ளியும் தங்கமும் கரையவே கரையாமல் ஆனோடின் அடியில் கசடாக விழும். கசடு என்று பெயர். ஆலைக்கு அது கணிசமான வருமானம்.

உப்புத் தண்ணீர்: எதை இறக்கக்கூடாது

இனி வருவது கொஞ்சம் கண்டிப்பான பகுதி. சமையல் உப்புக் கரைசலில் இரண்டு கார்பன் குச்சிகளை இறக்கினால் கேத்தோடில் ஹைட்ரஜன், ஆனோடில் குளோரின். கேத்தோடுப் பக்கம் பினாப்தலீன் சொட்டினால் இளஞ்சிவப்பாகும், அங்கே காஸ்டிக் சோடா உருவாகிறது. ஆனோடுப் பக்கம் ஈரமான லிட்மஸ் தாளைக் காட்டினால் நிறமே போய்விடும்.

தண்ணீர் பிளந்து ஆக்ஸிஜன் தருவதற்கு 1.23 வோல்ட், குளோரைடு அயனி குளோரின் தருவதற்கு 1.36 வோல்ட் என்று அட்டவணை சொல்கிறது. அப்படியானால் ஆக்ஸிஜன்தானே முதலில் வர வேண்டும்? அட்டவணை எண்கள் வினையின் வேகத்தைச் சொல்வதில்லை. கார்பன் போன்ற பரப்புகளில் ஆக்ஸிஜன் உருவாவது மிகவும் மந்தமான வினை. அதைக் கிளப்ப அட்டவணை சொல்வதைவிடக் கூடுதல் வோல்ட் செலவழிக்க வேண்டும். அந்த இடைவெளியில் குளோரின் முந்திக்கொள்கிறது. இந்தக் கூடுதலை மிகை மின்னழுத்தம் என்கிறோம். அது பரப்புக்குப் பரப்பு மாறும். பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் சுலபமாகக் கிளம்பும், காரீயத்தில் பெரும் தயக்கத்தோடுதான் கிளம்பும். அந்தத் தயக்கம் இல்லையென்றால் இன்வெர்ட்டர் பேட்டரியே இல்லை. சார்ஜ் முழுவதும் தண்ணீரைப் பிளப்பதில் போய்விடும். உப்பை மிகவும் நீர்த்துவிட்டால் குளோரைடு போதாமல் ஆக்ஸிஜன் கலந்து வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளோரின் நச்சு வாயு. சன்னலைத் திறந்து வைத்து, சிறிய குவளையில், சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டாதீர்கள்.

அதைவிட முக்கியமானது, எவர்சில்வர் கரண்டியை ஆனோடாக இறக்காதீர்கள். காணொளிகளில் பலர் சர்வசாதாரணமாக இதைச் செய்கிறார்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. ஆனோடாக மாட்டினால் இரும்போடு குரோமியமும் கரையும். அதில் ஒரு பகுதி ஆறு இணைதிற குரோமியமாக மாறக்கூடும். கரைசல் மஞ்சளாகத் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். கேத்தோடாக எவர்சில்வரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அங்கே அது கரையாது. ஒரே கரண்டி ஒரு பக்கம் பாதுகாப்பானது, மறுபக்கம் ஆபத்தானது.

காஸ்டிக் சோடா ஆலைகள் பல பத்தாண்டுகள் கிராபைட் ஆனோடுகளோடு மல்லுக்கட்டின. கிராபைட் தேயத் தேய முனைகளுக்கு நடுவே இடைவெளி கூடும், மின்செலவு ஏறும், தொட்டியைத் திறந்து சரிசெய்தபடியே இருக்க வேண்டும். டைட்டானியத்தை இறக்கினால் கரையாது. ஆனால் அதன் மேல் ஆக்சைடுப் படலம் மூடி மின்சாரமே நின்றுவிடும். அந்த டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடைப் பூசினால் படலமும் தடுக்காது, முனையும் தேயாது என்று 1960களில் ஹென்றி பீர் காட்டினார். குளோரின் தொழிலின் போக்கையே மாற்றிய பூச்சு அது. இந்தியாவில் இத்தகைய டைட்டானிய ஆனோடுகளை உருவாக்கியதில் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. தென் மாவட்ட ஆசிரியர்கள் மாணவர்களை ஒருமுறை அழைத்துப்போக முயலலாம்.

குச்சி எங்கே கிடைக்கும்

கார்பன் குச்சிக்குப் பழைய டார்ச் கட்டைகளை உடைப்பது நம் ஊர் வழக்கம். மலிவான ஜிங்க்–கார்பன் கட்டையில் மட்டும்தான் குச்சி இருக்கும். ஆல்கலைன் கட்டையில் இருப்பது பித்தளை ஆணி, சுற்றிலும் அரிக்கும் காரம். லித்தியம் பேட்டரியைத் திறந்தால் தீப்பிடிக்கும். அட்டையைப் படித்துவிட்டுக் கை வையுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குச்சியில் மெழுகு ஏறியிருந்தால் சூடாக்கித் துடைக்க வேண்டும்.

கட்டையைத் திறந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தக் குச்சி அங்கே எலக்ட்ரானைக் கடத்தும் வேலையை மட்டும் பார்க்கிறது. வினைபுரிவது அதைச் சுற்றியுள்ள கருப்பான மாங்கனீஸ் டை ஆக்சைடு. வெளியே உள்ள துத்தநாகக் குப்பிதான் ஆனோடு. பாத்திரமும் அதுவே, எரிபொருளும் அதுவே. தீரத் தீர குப்பி கரைந்து ஓட்டை விழும். ரேடியோவுக்குள் மறந்துவிட்ட கட்டை ஒழுகுவது இதனால்.

பென்சில் முனையும் உதவும். ஆனால் அதில் கிராபைட்டோடு களிமண் கலந்திருப்பதால் தடை அதிகம், சீக்கிரம் உடையும். பி எண் கூடக் கூட கிராபைட் கூடும். 6பி, 8பி வாங்குங்கள்.

எந்த முனையானாலும் குரோக்கடைல் கிளிப் கரைசலுக்கு மேலேயே இருக்க வேண்டும். கிளிப் நனைந்தால் அதுவும் ஒரு மின்முனையாகிவிடும். ஆனோடுப் பக்கக் கிளிப் நனைந்து கரைந்துகொண்டிருக்க, "கார்பனிலிருந்து பச்சையாக ஏதோ வருகிறது" என்று எழுதிவைத்த சோதனைக் குறிப்பேடுகள் ஏராளம். மின்சாரத்துக்கு 6 அல்லது 9 வோல்ட் அடாப்டரோ பேட்டரியோ போதும். வீட்டு மின்சாரத்தை எந்த உருவத்திலும் கரைசலுக்குள் விடாதீர்கள்.

பட்டறைக்காரர்களுக்கு

துருப்பிடித்த அரிவாள், ஸ்பேனர் போன்றவற்றைச் சுத்தம் செய்ய வாஷிங் சோடாக் கரைசல் நல்லது. துருப்பிடித்த பொருள் கேத்தோடு. வீணாய்ப் போன சாதா இரும்புத் தகடு ஆனோடு. மாற்றி மாட்டினால் அரிவாள் கரைய ஆரம்பிக்கும். உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். ஆனோடு எந்தப் பக்கத்தைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும். எனவே பொருளைச் சுற்றித் தகடு வையுங்கள், அல்லது பாதியில் திருப்பிவிடுங்கள். ஸ்பிரிங், உறுதியேற்றிய எஃகு ஆகியவற்றை இதில் போடவே வேண்டாம். கேத்தோடில் கிளம்பும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். மூடிய அறையிலும் இதைச் செய்யக்கூடாது. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஒரு பொறி போதும்.

முலாம் பூசுவதற்கும் விதி இதுவே: பொருள் கேத்தோடு. இரும்பை நேராக மயில்துத்தத்தில் இறக்கினால் மின்சாரம் இல்லாமலே செம்பு படியும். அது ஒட்டாது, விரலால் தேய்த்தாலே வந்துவிடும். பட்டறைகளில் முதலில் நிக்கலோ, சயனைடுத் தொட்டியில் செம்போ மெல்லியதாக ஏற்றுவது அதற்காகத்தான். சயனைடு பக்கம் வீட்டில் யாரும் போக வேண்டாம், பித்தளையில் பழகிக்கொள்ளுங்கள். ஆனோடு விஷயத்தில் உலோகத்துக்கு உலோகம் வழக்கம் மாறும். நிக்கல் தொட்டியில் நிக்கல் ஆனோடு கரைந்து, இழந்ததை ஈடு செய்யும். அது படலம் மூடிக்கொள்ளாமல் கரைவதற்காகக் கரைசலில் நிக்கல் குளோரைடு சேர்ப்பார்கள். குரோம் தொட்டியில் குரோமியம் ஆனோடை மாட்டினால் படிவதைவிடக் கரைவது பல மடங்காகிக் கரைசல் கெட்டுவிடும். ஆகவே அங்கே காரீய ஆனோடு. குரோமியத்தைக் கரைசலிலேயே சேர்த்துக்கொள்வார்கள்.

மின்சாரம் தரும் ஜோடி

இதுவரை வெளியிலிருந்து மின்சாரத்தைத் தள்ளினோம். இரண்டு வேறு உலோகங்களை இறக்கினால் மின்சாரம் தானே வரும். துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுவிடத் துடிக்கும் உலோகம், செம்பு அப்படியல்ல. ஹைட்ரஜன் முனையைச் சுழியம் என்று வைத்தால் துத்தநாகம் −0.76, செம்பு +0.34. வித்தியாசம் 1.10 வோல்ட். ஜான் ஃபிரெடரிக் டேனியல் 1836-இல் செய்த கலம் தருவது இதைத்தான்.

செய்து பார்க்க, மெருகு பூசாத மண் குவளை ஒன்று போதும். குவளைக்குள் துத்தநாக சல்பேட்டும் துத்தநாகத் தகடும். வெளிப் பாத்திரத்தில் மயில்துத்தமும் செம்புத் தகடும். மண் ஊறிய பிறகு அயனிகள் கடக்கும், கரைசல்கள் சட்டென்று கலக்காது. மல்டிமீட்டர் 1.1-ஐ ஒட்டிக் காட்டும். தகட்டைப் பெரிதாக்கினால் வோல்ட் கூடுமா என்று மாணவர்களைக் கேளுங்கள். கூடாது, எடுக்கக்கூடிய மின்னோட்டம்தான் கூடும்.

எலுமிச்சை பேட்டரி இதைவிடப் பிரபலம், இதைவிடத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். பழத்தில் மின்சாரம் இல்லை. சக்தி தருவது கரையும் துத்தநாக ஆணி. பழச்சாறு வெறும் மின்பகுளி. செம்பு முனையில் செம்பு படிவதில்லை, ஹைட்ரஜன் குமிழிகள் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கின்றன. வோல்டா 1800-இல் அறிவித்த அடுக்கையும் இதே குமிழிதான் பாடாய்ப் படுத்தியது. டேனியல் செம்பைச் செம்புக் கரைசலில் நிற்க வைத்ததன் நோக்கமே ஹைட்ரஜனுக்கு வேலையில்லாமல் செய்வது. பழம் ஒன்று 0.9 வோல்ட்டை ஒட்டித் தரும், மின்னோட்டமோ சொற்பம். சிவப்பு எல்இடி மங்கலாக எரியவே மூன்று நான்கு பழங்களைத் தொடராக இணைக்க வேண்டும். முடிந்ததும் அந்தப் பழத்தைச் சாப்பிடவோ சாறு பிழியவோ கூடாது, துத்தநாகம் கரைந்திருக்கும்.

தேய்வதற்கென்றே வைத்த முனை

ஆனோடு கரைவது எல்லா இடத்திலும் தொல்லைதான் என்றில்லை. 1824-இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்த செம்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமல் இருக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதனோடு பொருத்தச் சொன்னார். துண்டு ஆனோடாகிக் கரைந்தது. செம்பு கேத்தோடாகிப் பிழைத்தது. கூடவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. செம்பு கரைந்தபோது வந்த நஞ்சுதான் அதுவரை சிப்பிகளையும் பாசியையும் விரட்டிக்கொண்டிருந்தது. செம்பு கரைவது நின்றதும் அவை அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. இன்று எஃகுக் கப்பல்களிலும் விசைப்படகுகளிலும் அதே முறை தயக்கமின்றிப் பயன்படுகிறது. அந்தத் துத்தநாகக் கட்டியின் மேல் மட்டும் பெயின்ட் அடிக்கக்கூடாது. அடித்தால் கட்டி பிழைக்கும், படகு அரிக்கும்.

கடலுக்குப் போகாதவர்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசிய எஃகுத் தொட்டி உள்ள கீசர்களில் ஒரு மெக்னீசியக் கம்பி மாட்டியிருக்கும். பூச்சில் எங்கே விரிசல் விட்டாலும் எஃகுக்குப் பதில் அந்தக் கம்பி கரையும். அது முழுவதும் கரைந்து நடுவிலுள்ள இரும்பு நரம்பு மட்டும் மிஞ்சிய பிறகு, அடுத்து கரைவது தொட்டி. ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் கம்பி இன்னும் சீக்கிரம் தீரும். உங்கள் கீசர் அந்த வகையா என்று அதன் கையேட்டைப் பாருங்கள். ஆம் என்றால், ஆண்டுக்கொரு முறை மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரை வடித்து, மெக்கானிக்கிடம் சொல்லிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியின் விலை புதுத் தொட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.